சிங்கிள் பேஸும் ஆவடி இடமும்

பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று நழுவிய மாப்பிள்ளைகளைத் தமிழ்நாடு நிறையப் பார்த்திருக்கிறது. ஆனால் வெல்டிங் மெஷினைப் பார்க்கப் போய், கடைக்காரர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மெஷினை முன்னும் பின்னும் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்து, "வூட்ல கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறேன்" என்று எழுந்து வந்த ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் சிங்கிள் பேஸ்தான். இத்தனைக்கும் கலந்து பேச அவர் வீட்டில் யாரும் கிடையாது. அம்மா போன பிறகு தனி ஆள்.

நான் சொல்வது 1991. ஸ்ரீபெரும்புதூரில் ஹைவேயை ஒட்டி ஒரு ஹார்ட்வேர் கடை. ஆணியிலிருந்து மோட்டார் வரை எல்லாம் கிடைக்கும். எது எங்கே இருக்கிறது என்பது மட்டும் மஸ்தான் பாய் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கடையின் மூத்த சேல்ஸ்மேன். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து நான் பில் போடுவேன். பென்னலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற, பி.காம். முடித்த, வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்த பெண்.

சிங்கிள் பேஸும் பென்னலூர்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரே சர்ச். பக்கத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தார். முப்பது வயது இருக்கும். சுருட்டை முடி, எப்போதும் சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், பேசும்போது எதிராளியைப் பார்க்காமல் சுவரில் சுவிட்ச் போர்டு எங்கே இருக்கிறது என்று தேடுகிற கண். எனக்கு அவரைப் பிடிக்கும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் இந்தப் பத்திரிகையை வாரா வாரம் படிக்கிறவர். படிக்கட்டும், அவருக்கு இந்தக் கதை தெரியும்.

சிங்கிள் பேஸுக்கு ஒரே ஓர் ஆசை. கம்பெனி இரும்பைப் பற்றவைத்தது போதும், வீட்டை ஒட்டி சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் போட வேண்டும். ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி என்று வேலை எடுக்க வேண்டும். அதற்குத் தகர ஷீட் போட்டு ஷெட் கட்டியாகிவிட்டது. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் வாங்கி மேஜையில் முடுக்கியாகிவிட்டது. டிரில்லிங் மெஷின் வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடிகூட இரண்டு மாட்டி வைத்திருந்தார். இல்லாதது வெல்டிங் மெஷின் ஒன்றுதான். மண்டபம், மேளம், சமையல்காரர் எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டுப் பெண் தேடுகிற வீடு மாதிரி இருந்தது அந்த ஷெட்.

எங்கள் முதலாளி இரக்கப்பட்டு, "இந்தா, இத எடுத்துக்கினு போயி ஓட்டிப் பாரு. புடிச்சா வெச்சிக்க, புடிக்கலன்னா கொணாந்து குடுத்துடு" என்று ஒரு பெரிய மெஷினை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தெருவே டி.வி.யில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறது. சண்டைக் காட்சி. இவர் ஷெட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ராடை இரும்பில் வைத்தார், அவ்வளவுதான். வில்லனை அடிக்க வந்த கதாநாயகன் இரண்டு பக்கமும் ஒடுங்கி வில்லனைவிட ஒல்லியாகிப் போனார். பல்புகள் எல்லாம் குங்குமம் மாதிரி சிவந்தன. யார் வீட்டிலோ இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்த கிரைண்டர் முனகிவிட்டு நின்றது. தெருவே திரண்டு அவர் வாசலுக்கு ஓடியது. இவர் கையில் ஹோல்டரோடு வெளியே வந்து, ரொம்ப அக்கறையாக, "மங்கிச்சா? எவ்ளோ மங்கிச்சு? பாதி மங்கிச்சா, முக்காலா? கரெக்டா சொல்லுங்க" என்று விசாரித்தார்.

அடுத்த நிமிஷம் கம்பத்தில் ஃப்யூஸ் போய் ஊரே இருட்டானது. சைக்கிளில் வந்த லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன் கீழே நின்றே ஒரு பாட்டம் திட்டினார். "யோவ், உன் வூட்டுக்குக் குடுத்தது சிங்கிள் பேஸு! இந்த ராட்சச மெஷின அதுல போட்டா தாங்குமா? சிங்கிள் பேஸு யா நீ! சிங்கிள் பேஸு!" ஊர் கை தட்டியது. அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர். அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் பென்னலூரில் யாருக்கும் வழி சொல்லத் தெரியாது.

பெயர் வைத்தவர் மேல் அவருக்குக் கோபமே இல்லை. மறுநாளே ஈ.பி. ஆபீசுக்குப் போய், பெரிய மெஷினைத் தாங்குகிற த்ரீ பேஸ் லைன் கேட்டார். லைன் ஹைவேயோடு நிற்கிறது, உங்கள் தெருவுக்கு வரவேண்டும் என்றால் புதுக் கம்பங்கள் நட வேண்டும், பார்க்கலாம் என்றார்கள். "பாக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தார். ஒரு சர்க்கார் ஆபீஸ் "பார்க்கலாம்" என்று சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட இன்னொரு மனிதரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளில் எங்கள் கடைக்கு வந்துவிடுவார். வந்து ஒரு நட்டு வாங்குவார். ஒரே ஒரு நட்டு. அதற்கும் பில் வேண்டும் என்பார். மஸ்தான் பாய் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"அரே பில்லும்மா, வந்துட்டான் பாரு உன் கஸ்டமரு. நேத்து நட்டு, இன்னிக்கு போல்ட்டு, நாளைக்கு வாசரு. மூணத்தையும் ஒரே நாள்ல வாங்கினா தீட்டு!"

பில்லும்மா என்பது நான்தான். பில் போடுகிறவள் என்பதால் சிங்கிள் பேஸ் வைத்த பெயர் அது. கடையில் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. நான் மட்டும் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. கடைக்கு வருகிற மேஸ்திரி, டிரைவர், டர்னர், பெயின்டர் எல்லோரும் எனக்கு "அண்ணா". அதில் ஒரு வசதி உண்டு, அண்ணா என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் அசட்டுச் சிரிப்பு சிரிக்க முடியாது. ஒரு வருஷம் முழுக்க நான் அண்ணா என்று சொல்லாத ஒரே ஆண் கஸ்டமர் அவர்தான். மஸ்தான் பாய் கவனித்தார். முதலாளி கவனித்தார். பக்கத்து டீக்கடைக்காரர்கூடக் கவனித்தார். கவனிக்க வேண்டியவர் எங்கள் கடை மெயின் ஸ்விட்சில் கசிவு இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவசரத்தில், அவர் மீதிச் சில்லறையை மறந்துவிட்டுப் படி இறங்கிவிட்டார். "ஏங்க!" என்று கூப்பிட்டுவிட்டேன். பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற அதே இழுவையில் வந்துவிட்டது. கடை அப்படியே உறைந்தது. தராசில் ஆணி போட்டுக்கொண்டிருந்த பாயின் கை அந்தரத்தில் நின்றது. எனக்குக் காது வரை சுட்டது. சிங்கிள் பேஸ் திரும்பி வந்து சில்லறையை வாங்கிக்கொண்டு, "பில்லும்மா, உங்க கடையில வோல்டேஜ் எறங்குது. ஃபேன் மெதுவா சுத்துது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கும் மஸ்தான் பாய்க்கும் மெஷின் பார்க்கும் படலம். காலைப் பூசைக்குக்கூட நிற்காமல் முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போய்விடுவார். பாரிமுனைப் பக்கம் லீவு விடாத கடைகள் சில உண்டு. புதுப்பேட்டையில் பழைய மெஷின்கள் கிடைக்கும். திங்கட்கிழமை காலையில் பாய் எனக்கு வந்து ஒப்பிப்பார். நான் பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மனசுக்குள் குறுக்கே சிலுவை போட்டுக்கொண்டு கேட்பேன். இந்த வாரமாவது முடிந்திருக்க வேண்டுமே!

முடியாது. ஒரு மெஷின் எண்ணெய் ஊற்றுகிற ஜாதி. "இரும்பு வாங்கவே கணக்கு பாக்கறேன், இதுக்கு எண்ணெய் வேற குடிக்கக் குடுக்கணுமா?" என்று வேண்டாம் என்றார். இன்னொன்றில் உள்ளே சுற்றியிருப்பது செம்புக் கம்பியா அலுமினியமா என்று சந்தேகம். கடைக்காரர் மேரி மாதா மேல் தவிர மற்ற எல்லாச் சாமி மேலும் சத்தியம் செய்திருக்கிறார். இவர் நம்பவில்லை. அவர் போன் பேசத் திரும்பிய நேரத்தில் பையிலிருந்து பிளேடை எடுத்துக் கம்பி முனையைச் சுரண்டிவிட்டார். "உள்ள வெள்ளையா கீது பாய்!" என்று அங்கேயே கூவினாராம். இருவரையும் அந்தக் கடையிலிருந்து எப்படி அனுப்பினார்கள் என்பதைப் பாய் நடித்தே காட்டினார்.

மூன்றாவது கடையில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதை என்னிடம் கொண்டுவந்து, "பில்லும்மா, இங்கிலீஷ்ல இன்னா போட்டுக்கினு கீறான் படி" என்றார். நான் படித்தேன். அறுபது சதவீதம் டியூட்டி சைக்கிள் என்று போட்டிருந்தது. பாய் ஆவலாகக் கிட்டே வந்தார்.

"டியூட்டிக்குப் போறதுக்கு சைக்கிளும் குடுக்கறானா? அதுல அறுவது பர்சன்ட் தள்ளுபடியா?"

"இல்ல பாய்" என்றார் சிங்கிள் பேஸ். "பத்து நிமிசத்துல ஆறு நிமிசம் வேல செய்யும். நாலு நிமிசம் ரெஸ்ட்டு எடுக்கும். அதாம் டியூட்டி சைக்கிள்."

"அப்ப கவர்மென்ட் மெஷின்னு சொல்லு."

எனக்கு அந்த மெஷின் பிடித்திருந்தது. எனக்கு எல்லா மெஷினும் பிடித்திருந்தது. கல்யாணத் தரகர்கூட அவ்வளவு மூச்சு விடாமல் புகழ்ந்திருக்க மாட்டார். "நல்லாத்தானே இருக்கு, கையடக்கமா இருக்கு, கிரில் வேலைக்கு இது போதாதா?" என்று கேட்டேன். சிங்கிள் பேஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கிரில்லுக்குப் போதும். நாளைக்கே யாராச்சும் வந்து ஒரு பாலம் பத்தவெக்கணும்னு கேட்டா?"

பென்னலூரில் ஒரு தகர ஷெட்டைத் தேடி வந்து யார் பாலம் கேட்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் குரலில் அந்தப் பாலம் கட்டி முடிந்து லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் எதற்காக உலகம் முழுக்கப் போனது என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு எங்கள் பக்கத்தில் யார் கையில் ஒயரைப் பார்த்தாலும் போலீஸ் நிறுத்தும். அந்தச் சமயம் பார்த்து இவர் கோணிப் பையில் கேபிள், ஹோல்டர், வோல்ட்மீட்டர் சகிதம் பஸ்ஸில் வந்தார். இறக்கி உட்கார வைத்துவிட்டார்கள். இது என்ன என்று இன்ஸ்பெக்டர் ஒரு கேள்விதான் கேட்டாராம். சிங்கிள் பேஸ் ஒன்றுக்கும் ஒளிவு மறைவு இல்லாமல் பதில் சொன்னார். செம்பு, அலுமினியம், எண்ணெய், காற்று, சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ் என்று மத்தியானம் ஆரம்பித்து டீ வேளை வரை சொன்னார். கடைசியில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "யப்பா, நீ போயிடு. உன்ன நான் புடிக்கவே இல்ல" என்று கும்பிட்டு அனுப்பினார். இவர் படி இறங்கும்போது திரும்பி, "சார், ஸ்டேஷன்ல த்ரீ பேஸ் கீதா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

இவ்வளவு சிரித்தும் எனக்கு உள்ளுக்குள் பயம் ஏறிக்கொண்டே இருந்தது. அப்பா மாப்பிள்ளை பார்ப்பதைத் தீவிரமாக்கியிருந்தார். நான் ஒவ்வொரு ஜாதகமில்லாத போட்டோவுக்கும் மூக்கு சரியில்லை, காது பெரிது என்று குறை சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். அந்த வித்தையை யாரிடம் கற்றேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாயங்காலம் கடையில் கூட்டம் இல்லாத நேரம், "இப்படியே மெஷின் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி?" என்று கேட்டே விட்டேன். அவர் முதல் தடவையாக ஸ்விட்ச் போர்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"த்ரீ பேஸ் வரட்டும் பில்லும்மா. த்ரீ பேஸ் வந்தா மெஷினு. மெஷின் வந்துட்டா மத்ததெல்லாம்."

மத்ததெல்லாம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அதில் நானும் இருக்கிறேன் என்பது அவர் காது சிவந்ததில் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் வண்டி ஓட்டினேன்.

மழை ஆரம்பித்த சமயம் ஆவடியிலிருந்து ஒரு வரன் வந்தது. அத்தை கொண்டுவந்தது. பையன் நல்ல வேலை, நல்ல குணம், மூக்கு காது எல்லாம் அதனதன் அளவில் இருந்தன. அப்பா, "இதுக்கும் கொற சொன்னியானா நான் பேசாம முடிச்சிட்டு வந்துடுவேன்" என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மறுநாள் சிங்கிள் பேஸ் போல்ட்டு வாங்க வந்தபோது, பில் எழுதுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"எனக்கு ஒரு இடம் வந்திருக்கு."

எங்கள் ஊரில் எந்தப் பெண் எந்த ஆணிடம் அப்படிச் சொன்னாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். நீ ஏதாவது செய்யப் போகிறாயா இல்லையா என்று அர்த்தம். ஆனால் அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் வேறொரு காய்ச்சல் பரவியிருந்தது. கம்பெனிகள் வரப் போகின்றன என்று ஒரு பேச்சு. சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரை தரகர்கள் வேப்பமரத்துக்கு ஒருவராக நின்று மனை விற்றுக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் இடம், இடம், இடம்தான்.

"எங்க?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆவடி."

"ஆவடியா! ஃபேக்டரி ஏரியாவாச்சே! நல்ல இடம்."

"அப்பா முடிச்சிடலாம்னு சொல்றாரு."

"வில்லங்கம் ஒண்ணும் இல்லியே?"

"விசாரிச்சிட்டாங்க. ஒண்ணும் இல்லையாம்."

"அப்புறம் இன்னா யோசன? நல்ல இடம் தேடிக்கினு வரும்போது வுடக்கூடாது. நாள் தள்னா வேற எவனாச்சும் முடிச்சிக்கினு பூடுவான்."

"நீங்களே சொல்றீங்களா? முடிச்சிடட்டுமா?"

"நான்தாம் சொல்றேன். முடி." பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க த்ரீ பேஸ் கீதான்னு மட்டும் கேட்டுக்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவர் தூக்கத்தில்கூட த்ரீ பேஸ் கேட்கிறவர். கிண்டல் செய்து தள்ளிவிடுகிறார் என்றுதான் நினைத்தேன். பில்லைக் கிழித்துக் கொடுத்தேன். அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சரி என்று சொல்லிவிட்டுக் கிணற்றடியில் முகம் கழுவுகிற மாதிரி ரொம்ப நேரம் நின்றேன்.

ஆவடியில் அத்தை வீட்டிலேயே நிச்சயம் முடிந்தது. ஓலை வாசிக்கிற வரை வெளியே மூச்சு விடாதே என்று அம்மா உத்தரவு. எங்கள் சர்ச்சில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசை முடிவில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கவும் என்று ஃபாதர் படிப்பார். முதல் ஓலையின்போது அவருடைய பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது. இரண்டாம் ஓலையின்போதும் காலி. அந்த இரண்டு வாரமும் கம்பெனியில் ஓ.டி. என்று கடைக்கும் வரவில்லை. ஊருக்கே தெரிந்த செய்தி ஊரில் அவருக்கு மட்டும் தெரியாது. அவரிடம் போய் யாரும் ஊர்க்கதை பேசமாட்டார்கள், பேசினால் பேச்சு வோல்டேஜில் போய் முடியும் என்ற பயம்.

மூன்றாம் ஓலை அன்று வந்திருந்தார். தலையை எண்ணெய் வைத்து வாரி, சலவைச் சட்டை போட்டிருந்தார். ஃபாதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பெயரைப் படித்தார். ஆவடி என்று படித்தார். தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் என்று படித்தார். ஆண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்ச் கிறீச்சிட்டது. சிங்கிள் பேஸ் எழுந்து நின்றார்.

சர்ச் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. முன் பெஞ்சிலிருந்து அப்பா திரும்பினார். சொல்லிவிடு, சொல்லிவிடு, ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா?" என்றார் ஃபாதர்.

சிங்கிள் பேஸ் என் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல ஃபாதர். இந்த ஃபேனு சத்தம் குடுக்குது. பேரிங் போயிருக்கும்."

சர்ச் சிரித்தது. ஃபாதரும் சிரித்துவிட்டு, சாயங்காலம் வந்து பார்த்துக் கொடுக்கச் சொன்னார். வந்து பார்த்துக் கொடுத்தும் இருக்கிறார். நான் அன்று சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போது சிரிக்கிறேன், ஆனால் கொஞ்சம் நேரம் கழித்துத்தான்.

திங்கட்கிழமை கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளிக்கு ஒன்று, பாய்க்கு ஒன்று. மஸ்தான் பாய் அதைத் தூரத்தில் வைத்துப் படித்தார், கிட்டத்தில் வைத்துப் படித்தார், பிறகு ஆணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? இடம்னியாமே! மனைன்னு நெனச்சாம்மா அவன்! நானும் அப்டித்தான் நெனச்சேன். 'பாய், பில்லும்மா வூட்ல ஆவடியில இடம் வாங்கறாங்க. அங்க த்ரீ பேஸ் வந்துடும். ஷெட்ட அவுத்துக்கினு அங்கியே போயிடலாம், பெரிய மெஷினா முடிச்சிட்டு அவங்க அப்பாவாண்ட பேசறேன்'னு ரெண்டு ஞாயித்துக்கெழமையா, உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினு, என்ன இழுத்துக்கினு சுத்தறான். ஒரு மெஷின முடிவும் பண்ணிட்டான். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி சாமி கும்டுட்டு வரேன்னுதாம்மா நேத்து சர்ச்சுக்குப் போனான்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலாளி கல்லாவைத் திறந்து திறந்து மூடினார்.

அரை மணியில் சிங்கிள் பேஸ் வந்தார். டியூட்டிக்குப் போகவில்லை போலிருக்கிறது, நேற்றைய சலவைச் சட்டையே இருந்தது. நட்டும் கேட்கவில்லை, போல்ட்டும் கேட்கவில்லை. நேராக முதலாளியிடம் போனார்.

"சார், ஒரு மெஷினு குடுங்க."

"எது?"

கண்ணில் முதலில் பட்டதைக் கையால் காட்டினார். மூலையில் தூசி படிந்து கிடந்த சின்ன மெஷின். வீட்டு சிங்கிள் பேஸ் லைனே தாங்கக்கூடியது. அது அங்கே இருப்பதையே அவர் அதுவரை கவனித்ததில்லை. பாய் தானாகவே பிளேடை எடுத்து நீட்டினார்.

"வேணாம் பாய்."

ஒரு வருஷமாக இந்த ஆளுக்கு எதையாவது விற்கத் தவம் கிடந்த எங்கள் முதலாளி, வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் சரக்கைத் தானே குறை சொன்னார். "தம்பி, இது சின்னது. பெரிய வேலைக்கெல்லாம் தாங்காது."

"பரவால்ல சார். பாலம் எதுவும் வராது."

"ஆன் பண்ணி வெச்சா உர்ருன்னு சத்தம் போட்டுக்கினே இருக்கும்பா."

"போடட்டும் சார். வூட்ல ஒரு சத்தம் இருக்கட்டும்."

நான் பில் போட்டேன். பெரிய பொருள் என்பதால் பெயர் எழுத வேண்டும். ஒரு வருஷமாக நட்டுக்கும் வாசருக்கும் பெயரில்லாமல் பில் போட்டவள், அன்றுதான் அவருடைய அம்மா வைத்த பெயரை என் கையால் எழுதினேன். அதை இங்கே எழுதமாட்டேன், அது என்னிடமே இருக்கட்டும். பில்லைக் கொடுத்தேன். வாங்கி மடித்து, டெஸ்டருக்குப் பக்கத்தில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பில்லும்மா, இடம் நல்ல இடந்தானே?"

"நல்ல இடந்தாங்க."

தலையை ஆட்டினார். மெஷினைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டும்போது பாய் பிடித்துக்கொண்டார். அது கனம், ஓட்ட முடியாது. பென்னலூர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

ஆவடி நல்ல இடம்தான். என் வீட்டுக்காரரிடம் கல்யாணமான இரண்டாம் வருஷம் முழுக் கதையையும் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தவர் வாசலில் நின்று, "முன்னாடி முப்பதடி ரோடு, வில்லங்கம் கிடையாது, ஒரு நல்ல இடம் வந்திருக்கு, கதவைத் திற" என்று குரல் கொடுத்தார். அன்றைக்குத்தான் அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது. இன்றைக்கும் நேரம் கழித்து வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

மஸ்தான் பாய் ஒரு தடவை ஆவடிக்கு வந்திருந்தார். பென்னலூரில் பாதி ஜன்னல் கிரில் சிங்கிள் பேஸ் செய்ததுதானாம். பாலத்துக்குப் போட வேண்டிய கனத்தை எல்லாம் ஜன்னலுக்குப் போட்டு வைத்திருக்கிறாராம், அவர் கிரில் மாட்டின வீட்டில் திருடன் என்ன, காற்றே யோசித்துத்தான் உள்ளே வருமாம். மெஷின் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது என்றார். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பாயும் சொல்லவில்லை.

இப்போது ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளில் வெல்டிங்கையும் ரோபோதான் செய்கிறதாம். ஆவடியில் எங்கள் தெருவில் இன்னும் மனிதர்கள்தான் செய்கிறார்கள். எந்த வீட்டிலாவது கேட் பற்றவைத்தால், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார்கள். நான் மட்டும் காய்கறிப் பையோடு நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். அன்று முழுக்க இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டும். வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே சொட்டு மருந்தை எடுத்து வந்து, தலையைச் சாய்க்கச் சொல்லி அவரே விடுவார். எதற்காக நின்று பார்த்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால், அது சிங்கிள் பேஸாக இருக்குமோ என்று பார்த்தேன் என்றுதான் சொல்வேன்.